கையெழுத்து யாருடையது?

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் நன்றாக விழும் இடங்களைப் 'பாடு' என்கிறார்கள். எந்தப் பாட்டில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் முறை பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. இதை ஆராய்ந்தவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதிகாரியும் போலீசும் இல்லாமலே ஒரு பொதுச்சொத்து ஒழுங்காகப் பங்கிடப்படுகிறது என்பது வியப்புக்குரியதுதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் தலைக்கட்டாக இருக்க வேண்டும்; தலைக்கட்டு என்றால் ஆண். பிடிபட்டதைக் கரையில் வாங்கி, ரகம் பிரித்து, கூடையில் ஏற்றி, பொன்னேரி வரை கொண்டுபோய் விற்றுக் காசாக்குகிற பெண்ணின் பெயர் அதில் வராது. ஆழம் குறைந்த நீரில் தவழ்ந்தபடி கையாலேயே இறாலைத் துழாவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாடு என்று ஒன்றே கிடையாது.

திருச்சபையில் பெண் தலைமை பற்றிய கட்டுரையை மீன்பாட்டில் தொடங்கக் காரணம் இருக்கிறது. இந்த ஏரி வட்டாரத்தில் உள்ள காட்டூர், அதைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள், ஏரியின் கழிமுகத்தை ஒட்டிய ஊர்கள் ஆகியவற்றில் கோயிலோ ஜெபவீடோ தனியாக ஆகாயத்திலிருந்து இறங்கி நிற்பதில்லை. ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிற ஊரில்தான் அதுவும் இருக்கிறது. திருவிழாவுக்குக் கொடியேற்றவும், ஒலிபெருக்கி கட்டவும், சாவு எடுக்கவும் ஊரோடு பேச வேண்டும். ஊர் என்று உட்காருகிறவர்கள் ஆண்கள். ஆகவே ஒரு பெண்ணைச் சபைத் தலைமைக்குத் தயார்ப்படுத்துவது என்றால் அவளுக்கு வேதாகமத்தையும் பிரசங்கத்தையும் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கரையை அறியாதவர்கள். தமிழ்நாட்டுத் திருச்சபைகள் பெண்களுக்குப் பயிற்சி அளிக்காமல் இருந்ததே இல்லை என்பதுதான் என் வாதத்தின் முதல் பாதி. அந்தப் பயிற்சி எதற்காக, யாருக்குக் கீழே, யார் பணத்தில் என்பது இரண்டாம் பாதி.

பழவேற்காடு கிறிஸ்தவத்துக்குப் புதிய இடம் அல்ல. அங்குள்ள மகிமை மாதா கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில், 1515இல் எழும்பியது என்பது மரபு. பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, நாகப்பட்டினத்துக்கு இடம்பெயரும் வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இதை வைத்திருந்தார்கள். 1632 முதல் 1642 வரை இங்கே டச்சுச் சபையின் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651இல் வெளியானபோது ஐரோப்பாவுக்கு அது ஒரு புதிய திறப்பு. அந்த நூலில் பர்த்ருஹரியின் செய்யுள்கள்கூட உண்டு. அதே பத்தாண்டுகளில் பழவேற்காட்டுக் கரையில் கூடை சுமந்த பெண்கள் என்ன நம்பினார்கள், யாரிடம் ஜெபம் கேட்டார்கள் என்பது வரலாற்றில் ஏறவில்லை. படித்த ஆணிடம் கேட்டுப் படித்த ஆணுக்காக எழுதுவதே அன்றைய ஆராய்ச்சி.

பயிற்சியும் அப்படித்தான் தொடங்கியது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஊருக்கு ஊர் ஜெபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் மிதியடிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த பணம் அதற்குத் திருப்பிவிடப்பட்டது. ஒரு பெண்ணின் செருப்புக் காசில் ஆண் உபதேசியார்கள் உருவானார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தில் பயிற்சிக்கான முதல் உதவித்தொகை இதுதான் என்றால் தவறில்லை. 1727இல் வீரமாமுனிவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' அந்த உபதேசியார்களுக்கான கைநூல். தமிழ் உரைநடையின் தொடக்க கால நூல்களில் ஒன்றாக அதைப் போற்றுகிறோம். ஊழியப் பயிற்சிக்கென்றே எழுந்த நூல் என்ற வகையிலும் அது முக்கியமானது. அது யாரை நோக்கிப் பேசுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் திருநெல்வேலியில் நடந்தது வேறு. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை கோகிலா, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவைக் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778இல் அவருக்குக் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். அந்தச் சபையைக் கூட்டிச் சேர்த்தது குளோரிந்தா. அவர் முன்னின்று கட்டிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர் சொல்வது அதைத்தான். உபதேசியார் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கியதும் அவர்தான். அப்படி வந்து சேர்ந்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். இன்று தென்னிந்தியாவின் மிகப் பெரிய திருமண்டலங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கும் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் இது. கூட்டியவர், கட்டியவர், செலவழித்தவர் பெண். பட்டம் பெற்றவர் ஆண். சத்தியநாதனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; அன்று வேறு வழி யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் திருநெல்வேலிச் சபை வரலாறுகள் குளோரிந்தாவை உருக்கமான மனமாற்றக் கதையாகவே சொல்லிவந்திருக்கின்றன. நிர்வாகியாக, சபை நிறுவியவராக அவரை வாசித்தவர்கள் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களுக்கான பயிற்சி ஓர் அமைப்பாகவே உருவெடுத்தது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் நாம் அந்த அமைப்பின் அச்சில்தான் இருக்கிறோம். 1857இல் லண்டனில் எல்லன் ரான்யார்டு என்பவர் ஏழைத் தெருக்களில் வேதாகமம் விற்கவும் வீட்டுப் பெண்களோடு பேசவும் அதே தெருக்களைச் சேர்ந்த பெண்களை வேலைக்கு எடுத்தார். அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 'பைபிள் உமன்' என்று சபை மக்கள் இன்றும் சொல்லும் வேதாகமப் பெண்கள் அப்படி உருவானவர்கள். பெரும்பாலும் விதவைகள், அல்லது உபதேசியார் குடும்பத்துப் பெண்கள். வெள்ளைப் புடவை, கையில் பை, பையில் சுவிசேஷப் பிரதிகள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத அடுப்படிக்கு அவர்கள் நுழைந்தார்கள். போன வீட்டில் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். பிரசவத்துக்குத் துணை நின்றார்கள், புருஷன் அடித்த கதையைக் கேட்டார்கள், சாவு வீட்டில் ஜெபித்தார்கள். இன்று ஒரு குருவானவரின் வேலைப் பட்டியலில் உள்ளவற்றில் திருவிருந்தையும் ஞானஸ்நானத்தையும் கழித்துவிட்டால் மிச்சமெல்லாம் அவர்கள் செய்தவை.

அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, பாடத்திட்டம் இருந்தது, தேர்வும் இருந்தது. இல்லாமல் போனது மூன்று. சபைக் கூட்டத்தில் இடம் இல்லை. சம்பளம் சபையிடமிருந்து வரவில்லை. பெரும்பாலும் கடல் தாண்டிய ஊரிலிருந்து ஏதோ ஒரு பெண்கள் சங்கம் மிஷனரி அம்மாவின் பெயருக்கு அனுப்பியது. அறிக்கையும் அந்த அம்மாவுக்குத்தான் போயிற்று. அவர் எழுதியதே ஆண்டறிக்கையில் அச்சாயிற்று. மிஷனரிகள் கிளம்பிப் போனபோது பணமும் போயிற்று, பணத்தோடு அந்தப் பதவியும் தேய்ந்தது. ஒரு தலைமுறைப் பெண் ஊழியர்கள் தங்கள் அனுபவத்தை யாரிடமும் ஒப்படைக்க வழியில்லாமல் ஓய்ந்தார்கள். உள்ளூர்ச் சபை ஒரு ரூபாயாவது தன் கையிலிருந்து கொடுத்திருந்தால் அந்தப் பதவியை அவ்வளவு எளிதில் கைவிட்டிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெல்லைச் சீமையில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் மாட்டுவண்டியில் ஊர் ஊராகக் கூட்டிச்சென்ற பெண்கள் குழு இதற்கு ஒரு விலக்கு. அதில் முதன்மையானவர் பொன்னம்மாள், இளம் விதவை. நகைகளைக் கழற்றிவிட்டு வெறுங்கழுத்தோடு தெருவில் இறங்கிய அந்தப் பெண்களைப் பார்த்து ஊர் மட்டும் பேசவில்லை, சபைக்காரர்களும் முகம் சுளித்தார்கள். டோனாவூரில் குழந்தைகளுக்கான இல்லம் வளர்ந்தபோது அதன் பாரத்தில் பெரும்பங்கு பொன்னம்மாள் தோளில் இருந்தது. அவர் 1915இல் இறந்தார். 1918இல் கார்மைக்கேல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்று டோனாவூர் என்றால் கார்மைக்கேல் நினைவுக்கு வருகிறார். பொன்னம்மாளை அறிய நமக்கு இருக்கும் வாசலும் கார்மைக்கேலின் ஆங்கிலப் புத்தகம்தான்.

இன்னொரு வகைப் பயிற்சி குருமனைவிகளுக்கானது. வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தோர்ணக்கல் பேராயரான வி.எஸ். அசரியா, ஊழியத்துக்குப் படிக்க வரும் கிராமத்து ஆண்கள் மனைவியோடு வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கணவனுக்கு வகுப்பு நடந்தால் மனைவிக்கும் வகுப்பு. அவர் மனைவி அன்பு மாரியம்மாள், கல்லூரிப் படிப்பைத் தொட்ட தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். தோர்ணக்கல்லில் பெண்கள் பணியை நடத்தியவர் அவர். இது அந்தக் காலத்துக்குப் பெரிய முன்னேற்றம். அதே சமயம், பெண்ணின் ஊழியத்தைக் கணவனின் வேலை உத்தரவோடு தைத்துவிட்டதும் இந்த ஏற்பாடுதான். நெல்லைப் பக்கம் ஐயரம்மா என்றும், பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டரம்மா என்றும் அழைக்கப்படுகிறவர்கள் ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் வேலை என்ற கணக்கில் இன்றும் சபைகளைத் தாங்குகிறார்கள். கணவர் இறந்தால் குருமனையைக் காலிசெய்ய வேண்டும். இருபது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தைக் கட்டியவர், யாருடைய வீட்டில் யார் பேசுவதில்லை என்பதைக் குருவானவரைவிட நன்றாக அறிந்தவர், ஒரு மாதத்தில் சபைக்கு வெளியே நிற்பார்.

ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றது 1733. மிஷன்கள் சேர்ந்து சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கியது 1915. வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918. தென்னிந்தியத் திருச்சபை முதல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1976. பெண் கையில் அறுவைக் கத்தியைக் கொடுக்கத் துணிந்த திருச்சபை, அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுக்க மேலும் 58 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பெண் படிக்கக் கூடாது என்ற தடை இங்கே இருந்ததே இல்லை. ஆசிரியையாக, நர்ஸாக, டாக்டராக, விடுதிக் காப்பாளராகப் பயிற்றுவிக்கத் திருச்சபை தயங்கவில்லை. பீடத்துக்கு முன்னால் மட்டும் ஒரு கோடு இருந்தது.

அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்று பேசியவர்கள் உண்டு. சென்னையில் படித்து லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரி முதல்வராக இருந்த சாரா சாக்கோ, 1951இல் உலகத் திருச்சபை மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராக, அந்த இடத்துக்கு வந்த முதல் பெண்ணாக ஆனார். அவர் பிறந்த சிரியன் சபையில் பெண்களுக்கு இன்றுவரை குருப்பட்டம் இல்லை. சென்னையின் அருணா ஞானதாசன் பிற்காலத்தில் அதே மன்றத்தின் பெண்கள் பிரிவை வழிநடத்தினார். 1988 முதல் 1998 வரை உலகெங்கும் திருச்சபைகள் பெண்களோடு துணைநிற்கும் பத்தாண்டு என்று மன்றம் அறிவித்த காலம் அது. 2013 செப்டம்பரில் நந்தியால் பேராயராக இ. புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றார். 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபைக்கு அவர்தான் முதல் பெண் பேராயர். செய்தித்தாள்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பட்டம் பெற்ற பெண் குருவானவர்களில் பலர் இறையியல் கல்லூரியில் கற்பிக்கவும், மருத்துவமனையில் ஜெபிக்கவும், விடுதியை மேற்பார்க்கவும், கணவர் குருவானவராக இருக்கும் சேகரத்தில் துணை குருவாக இருக்கவும் அனுப்பப்படுகிறார்கள். பெரிய நகரத்துச் சேகரம் ஒன்றில், கமிட்டியும் கணக்கும் சொத்து வழக்கும் உள்ள இடத்தில், தலைமைக் குருவாகப் பெண்ணை வைப்பது இன்னும் செய்தியாகத்தான் இருக்கிறது.

கத்தோலிக்கப் பக்கம் கதை வேறு. 1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல் பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதி அந்தக் கதவைச் சாத்தினார். ஆனால் அதே கத்தோலிக்கச் சட்டம் ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்கிறது. சாகப்போகும் சிசுவின் நெற்றியில் தண்ணீர் ஊற்றிய மருத்துவச்சி செய்தது முழுமையான திருவருட்சாதனம். 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்தார். மே மாதம் வேதியர் பணியைத் தனிப் பணியாக நிறுவினார். வீரமாமுனிவர் கைநூல் எழுதிய அதே வேதியர் பணி, ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, பெண்ணுக்கும் உரியதாக உலக அளவில் எழுத்தில் வந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010இல் வெளியிட்ட பாலினக் கொள்கை, பங்குப் பேரவைகளிலும் நிதிக் குழுக்களிலும் பெண்கள் இடம்பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. கொள்கை நல்ல தமிழில் பங்கு அறிவிப்புப் பலகைவரை வந்ததா என்பது வேறு.

நடைமுறையில் தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் பெண் தலைமை வளர்ந்த இடம் அன்பியம். சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. வாரம் ஒரு வீட்டில் கூடும். ஜெபமாலை, வேதவாசகம், அதன்மேல் பேச்சு, காணிக்கை, நோயாளி வீட்டுக்குப் போவது. இதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கடலில் இருப்பார்கள், அல்லது களைத்து உறங்குவார்கள், அல்லது டாஸ்மாக்கில் இருப்பார்கள். நாகரிகமாக இதை ஆட்கள் பற்றாக்குறை என்று சொல்லலாம். வாசகத்தை விளக்கிப் பேசும் அன்பியத் தலைவி செய்வது மறையுரை அல்ல என்று சட்டம் சொல்லும். கேட்கிற பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கன்னியர் சபைகள் தனி உலகம். 1844இல் புதுச்சேரியில் துய்ப்புயி அடிகள் தொடங்கிய மரியின் தூய இதயச் சபை போன்றவை தமிழ்ப் பெண்களுக்கு நிறுவனம் நடத்தும் பயிற்சியை வேறெவரும் கொடுக்காத காலத்திலேயே கொடுத்தன. பள்ளியை, மருந்தகத்தை, நூற்றுக்கணக்கானவர்களின் சம்பளப் பட்டியலைப் பெண்களே நிர்வகித்தார்கள். ஆனால் மடத்துக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை 1992இல் எழுத்தாளர் பாமா 'கருக்கு' என்ற நூலை எழுதிய பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. பெண்ணுக்குத் தலைமைப் பயிற்சி என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்போதெல்லாம், எந்தப் பெண்ணுக்கு என்ற கேள்வியை அந்தப் புத்தகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காட்டூர் வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு மிகத் துல்லியமான உருவம் உண்டு. பட்டினவர் பெண்ணும் இருளர் பெண்ணும் ஒரே பயிற்சி வகுப்பில் ஒரே பாயில் உட்காருவார்களா? இருளர் பெண் ஒருத்தி நடத்தும் ஜெபத்துக்குப் பட்டினவர் குடும்பம் வருமா? இதைக் கேட்காமல் வகுப்புத் தொடங்கினால், தொடங்குகிறவருக்குத் தெரியாமலே பதில் முடிவாகிவிடும்.

கடற்கரை என்று வரும்போது கேரளத்தின் 1984 நினைவுக்கு வராமல் இருக்காது. விசைப்படகுகளுக்கு மழைக்காலத் தடை கேட்டு நடந்த மீனவர் போராட்டத்தில் சிஸ்டர் ஆலிஸ் உண்ணாவிரதம் இருந்தார். சிஸ்டர் பிலோமின் மேரி முன்னணியில் நின்றார். அதற்கும் முன்பே திருவனந்தபுரம் கரையில் மீன் விற்கும் பெண்கள், கூடையோடு பஸ்ஸில் ஏற விடாததை எதிர்த்து அமைப்பாகித் தங்களுக்கென்று தனி பஸ் பெற்றிருந்தார்கள். இந்தப் போராட்டங்களைக் கத்தோலிக்க ஆயர்கள் எல்லாரும் ரசிக்கவில்லை. 2011இல் இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன் பந்தலில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். பீடி சுற்றியபடியே பட்டினி கிடந்தார்கள். ஜெபமும் கோஷமும் ஒரே வாயிலிருந்து வந்தன. பேசவும், கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும், அதிகாரியை நேருக்கு நேர் பார்க்கவும் அங்கே பெண்கள் கற்றுக்கொண்டது எந்த இறையியல் பாடத்திட்டத்திலும் இல்லை.

இனி காட்டூருக்கு வருவோம். அங்கே ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், எட்டாவதோ பத்தாவதோ படித்தவள், ஜெபக்குழு நடத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளை மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்கோ, கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுலக் கல்லூரிக்கோ விடுதியில் தங்கி ஆண்டுக்கணக்கில் படிக்க அனுப்ப முடியுமா? நுழைவுத் தகுதியே இடிக்கும்; அதற்கு முன் வீடு இடிக்கும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. 1963இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி இதே சுவரில் முட்டிக்கொண்டது. கிராமத்தில் சபையை உண்மையாக நடத்துகிறவர்கள் குடும்பத்தையும் வயலையும் விட்டுத் தலைநகருக்கு வர முடியாதவர்கள். வந்து படித்து முடித்த இளைஞர்கள் கிராமத்துக்குத் திரும்பாதவர்கள். ஆகவே ஆசிரியர்கள் கிளம்பினார்கள். பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கும்படி எழுதி, வாரம் ஒருமுறை அந்தந்த வட்டாரத்தில் கூடி விவாதித்தார்கள். அந்த விரிவாக்க முறை உலகெங்கும் பரவியது. 1970களில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தாஃப்டீ என்ற அமைப்பு இந்திய மொழிகளில் அதைக் கொண்டுவந்தது. தமிழில் அதன் பாடங்களைப் படித்தவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். என் மதிப்பீட்டில், குப்பத்துப் பெண்களின் தலைமைக்கு இறையியல் கல்விக் கூடங்கள் செய்ததைவிட இத்தகைய முறைகளால் செய்ய முடிவது அதிகம்.

ஆனால் நேரத்தை யார் குறிக்கிறார்கள் என்பது முக்கியம். சபைகளின் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும், பள்ளி விடுமுறை என்பதால். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்கு, நாட்டுப்படகுகள் ஓடும். விசைப்படகு மீன் வராதபோது நாட்டுப்படகு மீனுக்கு விலை ஏறும், மீன் விற்கும் பெண்ணுக்கு ஆண்டில் நாலு காசு கூடுதலாகப் பார்க்கிற நாட்கள் அவை. அந்த நாட்களில் அவளை மூன்று நாள் முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டு, வரவில்லையே, ஆர்வம் இல்லையே என்று அறிக்கை எழுதுகிறோம். மீன்காரப் பெண் ஓய்வாக இருக்கும் நேரம் பிற்பகல். விற்று முடித்து வந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன். இரண்டு மணிநேரம். அதற்குள் அடங்கும் பாடம்தான் அவளுக்கான பாடம்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? வேதாகமத்தை வாசிக்கவும் பேசவும் அவளுக்குத் தெரியும், அதைக் கூர்மையாக்கலாம். அவளிடம் இல்லாதது வேறு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பேராயர் கையால் பட்டம் பெற்றவரோ, அரசு உரிமம் பெற்றவரோதான் சபையில் கிறிஸ்தவத் திருமணத்தை நடத்திவைத்துப் பதிவேட்டில் கையெழுத்திட முடியும். பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுயாதீன சபைகளிலும் ஜெபவீட்டைத் தன் கையால் கட்டி வளர்த்த பெண், தான் வளர்த்த பிள்ளையின் கல்யாணத்துக்கு உரிமம் உள்ள ஆண் பாஸ்டரை வெளியூரிலிருந்து கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாளில் அவள் யார் என்பது ஊருக்கு முன் தீர்மானமாகிவிடும். உரிமத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி, பதிவேடு வைப்பது எப்படி என்பது பக்திப் பாடம் அல்லதான். ஆனால் இதைக் கற்றுக்கொடுக்காத பயிற்சி அவளைத் துணையாளாகவே வைத்திருக்கும்.

கணக்கும் அப்படியே. 1989இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், தீர்மானப் புத்தகம் எழுதவும் வங்கியில் மேலாளரோடு பேசவும் குப்பத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியே பங்கிடப்பட்டபோது விதவைகள் விடுபட்டதை நாகைப் பக்கம் எடுத்துக் கேட்டவர்கள் பெண்கள் அமைப்புகள்தான். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு உள்ளாட்சியில் 50 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு என்றானது. ஆக, அரசின் கூட்டத்தில் தலைவியாக உட்காரும் பெண், குழுவின் காசோலையில் கையெழுத்திடும் பெண், சபைக் கமிட்டியில் ஒரு மூலையில், பெண்கள் பிரதிநிதி என்ற ஒற்றை நாற்காலியில் உட்காருகிறாள். இந்த விஷயத்தில் திருச்சபை தன்னைச் சுற்றியுள்ள உலகத்துக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. பெண்களுக்கு நிர்வாகம் தெரியாது என்ற சாக்கு குப்பத்தில் எப்போதோ செத்துவிட்டது.

ஊர்ப் பஞ்சாயத்தோடான உறவு இன்னும் கடினம். இங்கே பயிற்சி அந்தப் பெண்ணுக்கு மட்டும் போதாது. சபை மூப்பர்களான ஆண்கள் ஊரில் தலைக்கட்டுகளாகவும் இருக்கிறார்கள். ஒரு காரியத்துக்கு ஊரோடு பேசப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய், இவர்தான் எங்கள் சபைக்குப் பொறுப்பு, இவரிடம் பேசுங்கள் என்று அவர்கள் சொல்ல வேண்டும். இதற்கு ஆண்களைத் தயார்ப்படுத்தும் வகுப்பை எந்தப் பெண்கள் பயிற்சித் திட்டத்திலும் நான் படித்ததில்லை. செலவில்லாத வகுப்பு அது, அதனால்தானோ என்னவோ.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெளிநாட்டு நன்கொடை வரும்வரை நடக்கும் பயிற்சி, நன்கொடை நின்றதும் நின்றுவிடும்; வேதாகமப் பெண்களுக்கு நேர்ந்தது அதுதான். பழவேற்காட்டுச் சபைகள் ஏழைச் சபைகள், உண்மை. கழிமுகம் அடைபடுகிறது, துறைமுகங்கள் கரையை விழுங்குகின்றன, ஏரியில் பாடு குறைகிறது. இருந்தாலும் ஆண்டுக்கொரு திருவிழாவுக்குப் பந்தலும் மின்விளக்கும் போடும் அளவுக்குக் காணிக்கை சேர்கிறது. அதில் ஒரு பங்கு, எவ்வளவு சிறியதானாலும், சபையின் தீர்மானப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே மாதப்படியாக எழுதப்பட வேண்டும். வேலை இன்னது, காலம் இத்தனை ஆண்டு, நீக்குவதென்றால் காரணம் எழுத வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. குருவானவரோ பங்குத்தந்தையோ மாறிப்போனால் புதிதாக வருகிறவர் அந்தப் பக்கத்தைப் படித்து, கீழே கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கட்டும்.